ஹில்டாவின் அலமாரியில் பதினெட்டாவது போன்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஹில்டாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே மறுக்கமாட்டாள். "வாயி இல்லாட்டா இந்தத் தெருவுல கடை போட்டு ஒரு வாரம் தாங்க முடியுமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். வயது நாற்பத்தெட்டு. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் இரண்டு போன். கடை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு ஷட்டர், ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், மூடிப்போன மருந்துக்கடை ஒன்றிலிருந்து சல்லிசாக வாங்கிப் போட்ட கண்ணாடி அலமாரி. அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார ஆரம்பித்தவள். பூத் போய் செல்போன் வந்தது, செல்போனோடு இவளும் மாறிக்கொண்டாள். எந்தக் கம்பெனி எந்தப் பிளானில் எத்தனை நாளைக் குறைத்தான், எந்த சிம்முக்குக் கடலுக்குள் எவ்வளவு தூரம் டவர் எட்டும், எல்லாம் மனப்பாடம். போன் விஷயத்தில் ஹில்டா சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் பொன்னுதுரை ஒருநாள் தினம் மூன்று ஜிபி பிளான் வேண்டும் என்று வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க விடியக்காலம் கடலுக்குப் போறீய. மத்தியானம் கரை வந்து மீனைக் குடுத்துட்டுப் படுக்கீய. மூணு ஜிபியைத் தலைக்கு வச்சாப் படுக்கப் போறீய?"

"எல்லாவனும் அதைத்தான் போடுதான்..."

"எல்லாவனும் போட்டா போடட்டும். உங்களுக்கு ஒண்ணே மிச்சம். போங்க, அதுதான் போட்டிருக்கேன்."

கேட்காமலே போட்டு முடித்துவிட்டாள். பொன்னுதுரை முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுமாதமும் அவளிடம்தான் வந்தார்.

சொல்லப்போனால் அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ரீசார்ஜ் இல்லை, அந்த அலமாரி. அதில் பதினேழு பட்டன் போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பேர் எழுதியிருப்பாள். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் இருக்கின்றனவே, அதில் போகிறவர்களுக்குக் கரையை விட்டுத் தள்ளியதும் சிம் வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஆனால் பேங்க் மெசேஜும் ஆதார் மெசேஜும் கேஸ் சிலிண்டர் மெசேஜும் அந்த நம்பருக்குத்தான் வரும். ஹில்டாவின் வீட்டுக்காரர் ஜீவமணி அப்படியொரு தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திக்கொண்டு போகிறவர். முதலில் அவருடைய சிம்மைத்தான் ஒரு பழைய பட்டன் போனில் போட்டுக் கடையில் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மற்றத் தோணிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சிம்மைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் கப்பலுக்குப் போனவர்கள், துபாய்க்குப் போனவர்கள் என்று அலமாரி நிறைந்தது.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போடுவாள். நாள் முடியப்போகிற சிம்முக்கு அவளே ரீசார்ஜ் செய்வாள். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வைஃபை பிடித்து உட்கார்ந்திருப்பவன் பணம் அனுப்பும்போது ஓடிபி இங்கே வரும். அதை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு வாசித்துச் சொல்வாள். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். திரேஸ்புரத்தில் 'யாரிடமும்' என்பதில் ஹில்டா சேரமாட்டாள். பதினேழு பேரின் வரவு செலவும் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, ஒருவனுக்கும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. பணத்தைத் தொடமாட்டாளே தவிர, கேட்காமல் விடவும் மாட்டாள். "என்னலே, மாலேயில துணிக்கடைக்குப் போயிருக்க? யாருக்கு?" என்று நேராகவே கேட்டுவிடுவாள். கேட்கப்பட்டவனும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். கடலில் கிடக்கிறவனுக்கு யாராவது கேட்டால் நன்றாகத்தான் இருக்கும் போல.

இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. சிம்மை அலமாரியில் விட்டுவிட்டுப் போனவன் வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவான். கூப்பிட்டே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. சிம்மோடு போனவன் இரண்டு மாதம் ஒழுங்காகக் கூப்பிடுவான், அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான்.

ஒரே மகள் ஜாய், மீன்வளப் படிப்பு முடித்து, மேற்படிப்புக்கு அயர்லாந்தில் கால்வே என்கிற ஊருக்குப் போவது என்று முடிவானபோது ஹில்டாவின் மனசில் முதலில் வந்து நின்றது இதுதான். லோன், விசா, குளிர், இவையெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தன.

ஆகஸ்டு முதல் வாரம் விசா கிடைத்தது. வீட்டில் பெட்டி திறந்தபடியே கிடந்தது. ஊறுகாயை எத்தனை கவரில் கட்டினால் எண்ணெய் கசியாது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தோணிகளுக்கு அது ஓய்வு மாதம் என்பதால் ஜீவமணியும் வீட்டில் இருந்தார். "எம்மா, போனுக்கு என்ன செய்ய? அதை நீதான் சொல்லணும்," என்று ஜாய் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஹில்டா, "அதுக்கென்ன இப்ப? பாத்துக்கிடலாம்," என்றாள். ஊருக்கே நின்ற நிலையில் பிளான் சொல்கிறவள் சொந்த மகளுக்குப் பாத்துக்கிடலாம் என்றது ஜாய்க்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனாலும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே காயல்பட்டினத்துக்காரி பதுருன்னிஸா தன் மகன் நௌஃபலைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறான். ஜாய் அன்றைக்கு ஸ்வெட்டர் வாங்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். தூத்துக்குடி வெயிலில் எவன் ஸ்வெட்டர் விற்பான்?

"லாத்தா, இந்த நம்பரை மட்டும் விட்டுராதீய," என்று ஆரம்பித்தாள் ஹில்டா. "பேங்க்ல, காலேஜ்ல, பாஸ்போர்ட்ல எல்லாத்துலயும் இதைத்தான் குடுத்திருக்கான். இதை இ-சிம்மா மாத்தித் தாரேன். அது போனுக்குள்ளயே இருந்துக்கிடும். கார்டு போடுற இடம் காலியாயிரும்லா, அங்க போய் எறங்கினதும் அந்த ஊர் சிம்மை வாங்கி அதுல போட்டுக்கிடட்டும். பேச, நெட்டுக்கு அது. நம்ம நம்பர் மெசேஜ் வாங்க மட்டும்."

"அதுக்கும் அங்க காசு புடிப்பானா?" என்று கேட்டாள் பதுருன்னிஸா.

"மெசேஜ் வந்தா காசு இல்ல. ஏ தம்பி, நல்லாக் கேட்டுக்க. வெளிநாட்டு ரோமிங்கை ஆன் பண்ணித் தாரேன். டேட்டா ரோமிங்கை மட்டும் அமத்தியே வையி, தொட்டுராத. இந்த நம்பருக்குக் கால் வந்தா எடுக்காத, எடுத்தா காசு. நம்பர் உயிரோட இருக்க சின்ன பிளான் போதும். உங்க உம்மா இங்கன வந்து போட்டுக்கிடுவாவ."

"அப்ப ஓடிபி எனக்கே வந்துருமாக்கா?" என்றான் நௌஃபல்.

"வராம? நீ கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வரும்."

பத்து நிமிஷத்தில் மாற்றியும் கொடுத்தாள். பதுருன்னிஸா துஆ சொல்லிவிட்டுப் போனாள். இதைவிடச் சரியான யோசனையை இந்த ஜில்லாவில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அதே மேசைக்கு முன்னால், அதே ஸ்டூலில் ஜாய் உட்கார்ந்தாள்.

"எம்மா, என் சிம்மை இ-சிம்மா மாத்திரலாமா? என் ஃபிரண்டு அப்படித்தான் செஞ்சிருக்கா."

ஹில்டா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தாள்.

"எந்த நாட்டுக்குப் போனா?"

"கனடா."

"அதான பார்த்தேன். கனடாவுக்கு எடுக்கும். அயர்லாந்துல இந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒப்பந்தம் சரியில்லளா. மெசேஜ் பாதி வரும், பாதி வராது. அவசரத்துக்கு ஓடிபி வரலைன்னா அங்க நின்னு யாருட்ட கேப்ப? சிம்மை இங்கன வச்சுட்டுப் போ. நான் இருக்கேன்லா."

"நெசமாவா?"

"பின்ன பொய்யா சொல்லுதேன்?"

பொய்தான் சொன்னாள். பூத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இன்றுவரை வாடிக்கைக்காரர் ஒருவருக்கும் தெரிந்து தப்பான பிளான் சொல்லாதவள், பெற்ற மகளுக்குச் சொன்னாள். அவளிடம் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. தெரியாத ஊர், ஒற்றைப் பிள்ளை. சாப்பிட்டாளா, மருந்து வாங்கினாளா, எங்கே போனாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அலமாரியில் ஒரு போன் இருந்தால் தெரிந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை குரலும் கேட்டுவிடும். இதில் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நஷ்டம் ஒன்றும் இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஜீவமணிக்கு மட்டும் உறுத்தியது. "பதுருன்னிஸா மகனுக்கு மாத்திக் குடுத்தியாம்ல. நம்ம பிள்ளைக்கு ஏன் அப்படி?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"அவன் போறது வேற நாடு. உங்களுக்குக் காத்தைப் பத்தி தெரியும், எனக்கு டவரைப் பத்தி தெரியும். சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். போன் விஷயத்தில் அவளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஜாய் தன் போனிலிருந்து சிம்மை ஊசியால் குத்தி எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். மற்றவர்களுக்கெல்லாம் பழைய போன் தேடிப்பிடித்து வைத்த ஹில்டா, மகளுக்குப் புதுசாக ஒரு பட்டன் போன் வாங்கியிருந்தாள். பிளாஸ்திரியில் 'ஜாய்' என்று எழுதி மேல்தட்டில் தனியாக நிறுத்தினாள். அது பதினெட்டாவது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஜீவமணி கண்ணைத் துடைத்தபோது இவள் பார்க்கிங்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தான் அழுதால் மகள் போகாமல் நின்றுவிடுவாள் என்று பயம், அதனால் சண்டை போட்டாள்.

முதல் மூன்று வாரம் அவள் நினைத்தபடியே நடந்தது. அந்த ஊரில் பேங்க் கணக்கு திறக்கத் தங்கியிருக்கும் விலாசம் வேண்டும், ஜாய்க்கு நிலையான விலாசம் இன்னும் அமையவில்லை. கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேரோடு ஒரு தற்காலிக அறையில் நெருக்கிப்பிடித்து இருந்தாள். ஆகையால் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் கம்பளிக்கும் நம்மூர் பேங்க் கார்டை வைத்துத்தான் ஆன்லைனில் பணம் கட்டினாள். கட்டியபோதெல்லாம் ஓடிபி திரேஸ்புரத்துக்கு வந்தது. கண்ணாடித் தட்டில் போன் உர்ரென்று அதிரும். அடுத்த நொடி ஹில்டாவின் கைபேசியில் வாட்ஸ்அப் கால் வரும்.

"எம்மா, ஓடிபி."

"சொல்லுதேன். மொதல்ல என்ன சாப்பிட்டன்னு சொல்லு."

"எம்மா, டைம் ஓடுது!"

"சோறு வடிச்சியா, இல்ல அந்த ரொட்டியத்தான் தின்னியா?"

"சோறுதான்! சொல்லும்மா, நேரம் முடிஞ்சிரும்!"

அப்புறம்தான் ஆறு எண்ணும் வெளியே வரும். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஹில்டாவுக்கு அந்த நாட்களில் ஏகப்பட்ட சந்தோஷம், முகத்தில் அப்படியே தெரியும்.

நான்காவது வாரம் ஒரு மெசேஜ் வந்தது. காசு பிடித்ததற்கான மெசேஜ். கடைப் பேரைப் பார்த்தால் முடி வெட்டுகிற இடம். உடனே கூப்பிட்டாள். "ஏளா, முடிய வெட்டிட்டியா? இடுப்பு வரைக்கும் இருந்த முடி!" ஜாய் வகுப்புக்குப் போகும் வழியில் இருந்தாள். "எம்மா, நீ என்ன சிபிஐயா? நான் எங்க போனாலும் உனக்கு மெசேஜ் வருது!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஜாய் தேவைக்கு மட்டும் கார்டைத் தொட்டாள். கூப்பிட்டால் "நம்பர்" என்பாள். இவள் சொல்வாள். "சரிம்மா, வைக்கேன்" என்பாள். போனை வைத்தபிறகு ஹில்டா எத்தனை நேரம் பேசினோம் என்று பார்ப்பாள். நாற்பது செகண்டு, முப்பத்தைந்து செகண்டு. மகளின் குரல் வரவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தாள், குரல் வந்துகொண்டுதான் இருந்தது.

அறை மட்டும் கிடைத்தபாடில்லை. அந்த ஊரில் ஒரு அறைக்கு ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்களாம். அக்டோபர் பாதியில் தற்காலிக அறையைக் காலி செய்தாக வேண்டும். ஜாய் அதைச் சொன்ன அன்றைக்கே ஹில்டா அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு அந்தோணியார் கோயில் நவநாள் செபத்துக்குப் போவது அவளுடைய பழைய வழக்கம்தான். இப்போது மகளுக்கு அறை கிடைக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தியும் சேர்ந்தது. கோயிலுக்குள் போகுமுன் போனை அணைத்துப் பர்ஸில் போட்டுவிடுவாள். பூசை நேரத்தில் எவனுடைய போனாவது அடித்தால், சாமியார் முறைப்பதற்கு முன்னால் இவள் முறைப்பாள்.

ஜீவமணி மாலத்தீவுக்குப் புறப்பட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அது நான்காவது செவ்வாய். பூசை முடிந்து ஏழேகாலுக்கு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே போனை ஆன் செய்தாள். ஜாயிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். நான்கு வாய்ஸ் மெசேஜ்.

முதலாவதில் ஜாய்க்கு மூச்சு வாங்கியது. "எம்மா, ரூம் கெடச்சுட்டு! காலேஜ்ல இருந்து அஞ்சு நிமிசம் நடை. இப்பவே அட்வான்ஸ் கட்டச் சொல்லுதாவ. ஓடிபி வந்திருக்கும் பாரு, சீக்கிரம் சொல்லு." இரண்டாவது, "எம்மா, எங்க இருக்க? எடும்மா." மூன்றாவதில் அழுகை கேட்டது. "வீட்டுக்காரி இன்னும் பத்து நிமிசந்தான் பாப்பாளாம், வெளிய வேற ஆள் நிக்கி. எம்மா, தயவுசெஞ்சு எடு." நான்காவதில் அழுகை இல்லை. "விடும்மா. வேற ஆளுக்குக் குடுத்துட்டா."

ஹில்டா கடைக்கு ஓடினாள். அவள் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. ஷட்டர் பாதி ஏறியதுமே குனிந்து உள்ளே போனாள். மேல்தட்டில் இருந்த போனில் மூன்று மெசேஜ்கள். ஆறு நாலுக்கு ஒன்று, ஆறு ஒன்பதுக்கு ஒன்று, ஆறு இருபத்தொன்றுக்கு ஒன்று. அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? முழந்தாள்படியிட்டு, என் பிள்ளைக்கு ஒரு ரூம் கொடும் ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தோணியார் கேட்டதைக் கொடுத்துத்தான் இருக்கிறார், குறுக்கே பூட்டுப் போட்டு வைத்தது இவள்தான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே ஜாயைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"ஏளா, கோயில்ல இருந்தேன்... போனை அமத்தி வச்சிருந்தேன்..."

"பரவால்லம்மா. இன்னைக்குச் செவ்வாக்கெழமைன்னு எனக்குத்தான் நெனப்பில்ல." குரல் சோர்ந்திருந்தது. "வேற ஒரு எடம் இருக்கு. ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ல போகணும். அடுத்த வருசம் வரைக்கும் அங்கன இருந்துக்கிடுதேன்."

"ஒண்ணேகால் மணி நேரமா? அந்தக் குளிர்லயா?"

"என்ன செய்ய? நீ வருத்தப்படாத. உன் தப்பா இது? அந்தக் கம்பெனிக்காரனுக்கு இங்க ஒப்பந்தம் இல்லைன்னா நீ என்ன செய்வ?"

ஹில்டா எதையும் தாங்கியிருப்பாள். மகள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், பழி போட்டிருந்தால் வாதாடியிருப்பாள். ஆறுதல் சொல்கிறாளே! அவள் சொன்ன பொய்யையே எடுத்து அவளுக்கே ஆறுதலாகச் சொல்கிறாள். இத்தோடு பேசாமல் விட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஹில்டாவால் இருக்க முடியவில்லை.

"ஜாய், வச்சுராத. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஒப்பந்தம் இல்லைன்னு சொன்னது பொய்யி. அங்க எல்லா மெசேஜும் வரும். இ-சிம்மும் எடுக்கும். பதுருன்னிஸா லாத்தா மகனுக்கு அந்த வாரந்தான் மாத்திக் குடுத்தேன்."

ஹில்டா போனைக் காதிலிருந்து எடுத்து, கால் கட்டாகிவிட்டதா என்று பார்த்தாள். கட்டாகவில்லை. செகண்டுகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

"ஏம்மா?" என்றாள் ஜாய்.

"சிம்மைக் கொண்டுபோனா நீ கூப்பிட மாட்டன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "வேற ஒண்ணும் இல்லளா. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

ஜாய் நிதானமாகத்தான் பேசினாள். "வேற கடைக்காரன் சொல்லியிருந்தா நான் நெட்ல ஒரு தடவ பாத்திருப்பேன். நீ சொன்னியேன்னுதான் பாக்கல."

ஹில்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இப்ப மாத்த முடியுமா?" என்று கேட்டாள் ஜாய்.

"முடியும். இந்தப் போன்ல இருந்து மெசேஜ் போட்டா உன் மெயிலுக்கு கியூஆர் வரும். அதை ஸ்கேன் பண்ணினாப் போதும். கால்மணி நேரம்."

"பண்ணு," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹில்டா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பேச்சித்தாய் என்ற மீன்காரம்மா ரீசார்ஜுக்கு வந்து வாசலில் நின்று, "என்னக்கா, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டாள். "மெழுகுவர்த்திப் புகை. ஒரு நிமிசம் நில்லு," என்றாள் ஹில்டா. மேல்தட்டுப் போனை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பட்டன்களில் மகளின் மெயில் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். இதுவரை நாற்பது பேருக்காவது இதைச் செய்து கொடுத்திருப்பாள், கை தடுமாறியதில்லை. இன்றைக்கு இரண்டு தடவை அழித்து அடித்தாள். முதலில் வெளிநாட்டு ரோமிங்கை ஆன் செய்தாள். அப்புறம் விலாசத்தை அனுப்பினாள்.

பதில் வந்தது. இந்த எண்ணை மின்-சிம்முக்கு மாற்ற ஒப்புதல் என்றால் 1 என்று அனுப்பவும், மாற்றியதும் தற்போதைய சிம் வேலை செய்யாது என்று இருந்தது. வாடிக்கைக்காரர்களுக்கு இந்த மெசேஜ் வரும்போது, "ஒண்ண அமுக்குங்க, என்ன யோசிக்கீய?" என்று அவசரப்படுத்துவாள். அதே ஒன்றை அமுக்கினாள்.

பேச்சித்தாய்க்கு ரீசார்ஜ் போட்டு அனுப்பினாள். ஷட்டரை இறக்கவில்லை. மேசையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணியை ஒட்டி, திரையின் மூலையிலிருந்த டவர் கோடுகள் ஒன்றுமில்லாமல் போயின. சிம் இல்லை என்று எழுத்து வந்தது.

மாற்றிக் கொடுத்தபிறகு அந்த நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் யாரையும் அனுப்புவாள். அவ்வாறே தன் கைபேசியிலிருந்து ஜாயின் நம்பரை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எங்கேயோ தூரத்தில் ஒரு மணி அடித்தது. ஜாய் எடுத்தால் அவளுக்குக் காசு போகும். முதல் மணியிலேயே கட் பண்ணிவிட்டுக் காத்திருந்தாள்.

வாட்ஸ்அப்பில் ஜாயிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

"வந்துட்டும்மா. தேங்க்ஸ்."

ஹில்டா அதை இரண்டு தடவை வாசித்தாள். கடையில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு முப்பது தடவை காதில் விழும். பெற்ற மகள் அவளுக்கு அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.